ஜாதி தெரியாத நாய்க்குட்டி

பெண்ணாடத்திலிருந்து விருத்தாசலம் செல்லும் சாலையில் விடியற்காலையில் பிரயாணம் செய்கிறவர்கள், டீக்கடைகளின் அடுப்புச் சாம்பலுக்கு அருகிலும், சர்க்கரை ஆலைக்குப் போகக் காத்து நிற்கும் கரும்பு வண்டிகளின் அடியிலும் சுருண்டு படுத்திருக்கும் நாய்களைக் கண்டிருப்பார்கள். ஆனால், அவற்றுள் ஒன்றைப் போல் மற்றொன்று இராது என்பதையும், ஒன்றன் மடிந்த காதும் வேறொன்றன் அடர்ந்த வாலும், எப்போதோ எவராலோ விலை கொடுத்து வாங்கப்பட்டுப் பிறகு கைவிடப்பட்ட ஜாதி நாய்களிடமிருந்து நம் நாட்டு நாய்களின் சந்ததிக்கு வந்து சேர்ந்தவையாக இருக்கக்கூடும் என்பதையும் நின்று கவனித்தவர்கள் சிலரே. இவற்றுக்குக் குலமும் கோத்திரமும் எழுதிய சான்றிதழ் கிடையாது; ஆகையால் சந்தையில் விலையும் கிடையாது. இத்தகைய குட்டி ஒன்றைக் காப்பகத்திலிருந்து அழைத்துவந்து வளர்ப்பதைப் பற்றிச் சில விஷயங்களைச் சொல்ல விரும்புகிறேன்.

சென்ற ஆண்டு எங்கள் வீட்டுக்கு அவ்விதமான பெண் குட்டி ஒன்று சென்னையிலுள்ள ஒரு காப்பகத்திலிருந்து வந்து சேர்ந்தது. செவலை நிறம், நெற்றியில் மெல்லிய வெள்ளைக் கோடு, நாட்டு நாய்க்குரிய நீண்ட கால்கள், எந்த ஜாதியிலிருந்து வந்தன என்று கூற இயலாத தொங்கு காதுகள். பல்லைப் பார்த்த வைத்தியர், ஐந்து மாதம் ஆகியிருக்கும் என்றார். அல்லி என்று பெயரிட்டோம். வண்டியிலிருந்து இறங்கியதைப் பார்த்த எதிர்வீட்டுப் பெரியம்மா, "ஏம்பா தம்பி, நம்ம தெருவுல இல்லாத நாயா? இதுக்குப் போயி மெட்ராசுலேர்ந்து கார் வச்சுக் கூட்டியாருவாங்களா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்குரிய விடையைச் சொல்லுமுன், இந்தக் காப்பகங்கள் நம் நாட்டில் எப்படி உண்டாயின என்பதைச் சிறிது பார்ப்பது அவசியம்.

1959ஆம் ஆண்டின் மழைக்காலத்தில், சென்னையில் வெள்ளத்தில் தத்தளித்துக்கொண்டிருந்த இரண்டு நாய்க்குட்டிகளை விமானி கேப்டன் வி. சுந்தரம் தண்ணீரில் இறங்கி எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். அவருடைய மனைவியார் உஷா சுந்தரம், சுதந்திர இந்தியாவின் முதல் பெண் விமானி என்று போற்றப்படுகிறவர். அந்த இரண்டு குட்டிகளை முன்னிட்டு அக்குடும்பத்தார் தொடங்கிய பணியே இன்று கிண்டியில் வேளச்சேரி சாலையில் இருக்கும் 'புளூ கிராஸ் ஆஃப் இந்தியா' என்னும் ஸ்தாபனமாக வளர்ந்தது. அக்காலத்தில் தெரு நாய்களைப் பிடித்துக் கொல்வதுதான் நகரசபைகள் அறிந்த ஒரே மார்க்கம். அதற்கு மாறாக, நாய்களுக்குக் கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே திரும்ப விட்டுவிடலாம் என்னும் யோசனையை அவர்கள் 1964 முதல் இடைவிடாது வற்புறுத்தி வந்தார்கள். சென்னை மாநகராட்சி அதை ஏற்றுக்கொள்ள 1996 ஆயிற்று. 2001இல் மத்திய அரசு அதையே விதிகளாக இயற்றியது. 2023இல் அவ்விதிகள் புதுப்பிக்கப்பட்டன. ராஜ்ய சபையில் ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார் பிராணிகளின் பொருட்டு மசோதா கொண்டுவந்து வாதாடியதும், அதன் தொடர்ச்சியாக 1960இல் மிருகவதைத் தடுப்புச் சட்டம் பிறந்ததும், 1962இல் அமைந்த பிராணிகள் நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவரானதும் இதே சரித்திரத்தின் அங்கங்கள். ஜீவகாருண்யத்தை வெறும் மனநெகிழ்ச்சியாக விட்டுவிடாமல், சட்டமாகவும் சஸ்திர சிகிச்சையாகவும் நடத்திக் காட்டியவர்கள் நம் தமிழ்நாட்டில் வாழ்ந்தவர்கள் என்பதை நினைக்கும்போது எனக்குப் பெருமிதம் உண்டாகிறது.

இவ்வுணர்ச்சி நம் மண்ணுக்குப் புதிதன்று. திருவண்ணாமலை வட்டாரத்தில் எடுத்தனூர் என்னும் ஊரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்தைச் சேர்ந்த ஒரு நடுகல் இருக்கிறது. எருமைகளைக் காக்கப் போரிட்டு மாண்ட வீரனோடு, கள்வரைக் கடித்துக் காவல் நின்ற அவனுடைய நாயும் அக்கல்லில் செதுக்கப்பட்டிருக்கிறது. அந்த நாயின் பெயர் கோவிவன் என்பதையும் கல்வெட்டு மறவாமல் பொறித்திருக்கிறது. ரமண மகரிஷியின் ஆசிரமத்தில் ஜாக்கி என்ற நாய்க்குச் சமாதி எழுப்பியிருக்கிறார்கள். எங்கள் கடலூர் ஜில்லாவிலேயே, 1867இல் வடலூரில் வள்ளலார் தருமசாலையின் அடுப்பை மூட்டியபோது, பசித்த உயிர் எதுவாயினும் அதன் பசியைப் போக்குவதையே வழிபாடாக அவர் வகுத்தார். சைவ ஆசாரியர் மெய்கண்டார் அவதரித்த ஊரென்று பெருமை பேசும் பெண்ணாடத்தாராகிய நாங்கள், அதே ஊர்த் தெருவில் பசியோடு நிற்கும் நாயைக் கல்லால் அடித்து விரட்டுவதும் உண்டு என்பது வருத்தத்துக்குரியது.

இனி, பெரியம்மாவின் கேள்விக்கு வருகிறேன். நம் தெருவிலேயே குட்டிகள் இருக்கும்போது காப்பகம் எதற்கு? முதலாவது, வழிநெடுகத் திரியும் குட்டிக்கு 'பார்வோ' என்னும் கழிச்சல் நோயோ 'டிஸ்டெம்பர்' என்னும் கொடிய காய்ச்சலோ ஏற்கெனவே தொற்றியிருக்கிறதா என்பதை நாம் அறிய முடியாது. நல்ல காப்பகத்தில் குட்டியைத் தனியே வைத்துப் பார்த்து, குடற்புழு மருந்து கொடுத்து, முதல் தடுப்பூசிகளைப் போட்டு, எந்த ஊசி எந்தத் தேதியில் போட்டது என்ற புத்தகத்தோடு கையில் தருவார்கள். இரண்டாவது, அது மனிதரோடும் மற்ற நாய்களோடும் எப்படிப் பழகுகிறது என்பதை அங்கே நாள்தோறும் பார்த்த ஒருவர் நமக்குச் சொல்லுவார். மூன்றாவதுதான் முக்கியம்: அங்கே ஒரு குட்டிக்கு வீடு கிடைத்தால், அடிபட்டுக் கிடக்கும் வேறொன்றுக்கு அந்த இடம் கிடைக்கும். ஆனால், சென்னைக்குப் போக இயலாதவர்கள் நம் தெருக்குட்டியையே எடுத்து வளர்ப்பதை நான் சிறிதும் குறைவாகக் கருதவில்லை. காப்பகமே இல்லாத பெண்ணாடம் போன்ற ஊர்களில் தெருதான் கூரையில்லாத காப்பகம். எடுத்தவுடன் கால்நடை மருத்துவரிடம் காட்டி, காப்பகம் செய்திருக்கக்கூடிய காரியங்களை நாமே செய்துவிட்டால் போதுமானது.

காப்பகத்தில் குட்டியைச் சும்மா தூக்கிக் கொடுத்துவிடமாட்டார்கள். அடையாள அட்டை கேட்பார்கள். வீடு சொந்தமா வாடகையா, வாடகையானால் உரிமையாளர் சம்மதிப்பாரா, பகலில் யார் வீட்டில் இருப்பார்கள், வெளியூர் போகும்போது யார் பார்த்துக்கொள்வார்கள் என்றெல்லாம் விசாரிப்பார்கள். உரிய வயதில் கருத்தடை செய்வோம், கைவிடமாட்டோம் என்று கையெழுத்து வாங்குவார்கள். பெண் பார்க்க வந்தவர்களை விசாரிப்பதைப் போல் இத்தனை கேள்வியா என்று சிலருக்கு மனத்தாங்கல் உண்டாகிறது. ஒருமுறை கைவிடப்பட்ட உயிர் மறுமுறையும் கைவிடப்படக் கூடாது என்னும் கவலையில் பிறந்த கேள்விகள் அவை. பொறுமையாக விடை சொல்லுவதே நம் கடமை. வளர்த்த பிராணியை ஆதரவின்றி விட்டுவிடுவது 1960ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பதையும் அறிந்துகொள்வது நல்லது.

ஜாதி தெரியாத நாயின் குணம் எப்படி அமையுமோ என்ற அச்சம் பலருக்கு உண்டு. இதைப் பற்றி விஞ்ஞானிகள் ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களின் வளர்ப்பாளர்களிடம் கேள்விகள் கேட்டும், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களின் மரபணுக்களைச் சோதித்தும் கண்ட முடிவு 2022இல் 'சயன்ஸ்' இதழில் வெளிவந்தது. நாய்க்கு நாய் காணப்படும் குணவேறுபாட்டில் ஜாதியால் விளங்குவது ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்பது பங்கு மாத்திரமே என்றது அது. மீதியெல்லாம் அந்தந்த நாயின் தனித்தன்மை, அது வளர்ந்த சூழ்நிலை, பெற்ற அனுபவம் முதலியவற்றைச் சார்ந்தது. உருவத்தின் விஷயம் வேறு. விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலாளர்கள், சூளையைத் திறக்கும் வரையில் மெருகின் நிறத்தைப் பற்றி நிச்சயமாக ஒன்றும் சொல்லமாட்டார்கள். கலப்பினக் குட்டியின் வளர்ந்த தோற்றமும் அவ்விதமே. எங்கள் அல்லியின் தொங்கு காதுகளில் ஒன்று ஏழாம் மாதத்தில் நிமிர்ந்துவிட்டது. மற்றொன்று இன்னும் தொங்கிக்கொண்டிருக்கிறது.

உடல்நலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரே ஜாதிக்குள், பல சமயம் நெருங்கிய உறவுக்குள்ளேயே இனவிருத்தி செய்வதால், ஒரே விதமான குறை தாய் தந்தை இருவரிடமிருந்தும் குட்டிக்கு வந்து சேர இடமுண்டு. ஜெர்மன் ஷெப்பர்டுக்கு இடுப்பெலும்பு மூட்டில் வரும் கோளாறும், முகம் தட்டையாக இருக்க வேண்டும் என்றே வளர்க்கப்பட்ட 'பக்' நாய்க்கு மூச்சுத் திணறலும் இவ்வாறு வந்தவை. கலப்பில் பிறந்தவை நோயே அறியாதவை என்று நான் சொல்லவரவில்லை. இத்தகைய பரம்பரைக் குறைகள் இரட்டிப்பாகும் சந்தர்ப்பம் அவற்றுக்குக் குறைவு. சைபீரியப் பனிப் பிரதேசத்துக்கென்று அடர்ந்த ரோமத்தோடு வளர்க்கப்பட்ட 'ஹஸ்கி' நாயை, அக்கினி நட்சத்திரத்தில் வெள்ளாற்று மணல் கொதிக்கும் எங்கள் பக்கத்தில் வாங்கி வைத்து வருத்துவதைக் காணும்போது, அந்த நாயின் மீது இரக்கமும், வாங்கினவர் மீது கோபமும் ஒருங்கே எழுகின்றன. இந்த வெயிலில் இப்படியே பல தலைமுறை வாழ்ந்து பழகிய உடம்பு நம் நாட்டுக் கலப்பு நாய்க்கு உண்டு. கஷ்டத்தைத் தாங்கும் இத்திறத்தைக் கருதியே சோவியத் விஞ்ஞானிகள், மாஸ்கோ நகரத் தெருக்களில் திரிந்த நாய்களை விண்வெளிப் பிரயாணத்துக்குத் தேர்ந்தெடுத்தார்கள். 1957 நவம்பர் 3ஆம் தேதி 'ஸ்புட்னிக்-2' விண்கலத்தில் பூமியைச் சுற்றி வந்து, திரும்பாமலே உயிர் துறந்த லைகா அவற்றுள் ஒன்று. 1960இல் விண்வெளியிலிருந்து உயிரோடு திரும்பிய ஸ்திரெல்கா என்னும் நாயின் குட்டி ஒன்று, மறு ஆண்டு அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் இல்லத்துக்குப் பரிசாகச் சென்றது. ஜாதி தெரியாத நாயின் சந்ததி வெள்ளை மாளிகையில் வளர்ந்தது.

வீட்டுக்கு வந்த முதல் நாட்களே மிகக் கடினமானவை. காப்பகத்தில் பணிபுரியும் இளைஞர்கள் ஒரு கணக்குச் சொல்கிறார்கள்: பயம் தெளிய மூன்று நாள், வீட்டு வழக்கம் பழக மூன்று வாரம், இது தன் வீடு என்ற நிச்சயம் பிறக்க மூன்று மாதம். எல்லா நாய்க்கும் இக்கணக்கு அப்படியே பொருந்தாது. ஆயினும், வந்த மறுநாளே வாலாட்டவில்லையே என்று மனம் சோர்பவர்களுக்கு இது நல்ல மருந்து. அல்லி வந்தவுடன் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்தது. குழந்தைகள் பெயர் சொல்லிக் கூப்பிட்டபடியே இருந்தார்கள். என் தாயார், "கூப்புடாதீங்கடா, அது தானா வரும்" என்று சொல்லி, தயிர்ச் சோற்றைக் கட்டிலுக்கருகில் வைத்துவிட்டு அறையை விட்டு வந்துவிட்டார். எவரும் பார்க்காதபோதுதான் அது சாப்பிட்டது. யாராவது துடைப்பத்தைக் கையில் எடுத்தால் உடம்பைக் குறுக்கிக்கொண்டு தரையோடு தரையாகப் படுத்துவிடும். துடைப்பத்தால் அடிபட்ட ஞாபகம் அதற்கு இருந்தது போலும். ஆகவே, அது வெளியே சென்றிருக்கும் நேரத்தில் வீடு பெருக்குவது என்று வீட்டாரெல்லாரும் ஒப்புக்கொண்டோம். அதட்டலையும் அடியையும் அறவே விலக்கியதும், உணவு, உலாவல், உறக்கம் ஆகியவற்றை நாள்தோறும் அதற்கதற்குரிய வேளையில் நடத்தியதுமே அதன் பயத்தைப் போக்கின. வேறு வித்தை எதுவும் நாங்கள் செய்யவில்லை.

தூங்கி எழுந்தவுடனும், உண்டவுடனும், விளையாடி முடிந்தவுடனும் வெளியே அழைத்துச் சென்றால் வீட்டுக்குள் அசுத்தம் செய்யும் பழக்கம் தானே நின்றுவிடும். நான்காம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரையில் பால் பற்கள் விழுந்து புதுப் பற்கள் முளைப்பதால், செருப்பு முதல் கதவுச் சட்டம் வரையில் எல்லாவற்றையும் கடிக்கும்; அது அப்பருவத்தின் வேதனையேயன்றிக் குறும்பு என்று கொள்ளலாகாது. கடிக்கத் தகுந்த ஒன்றை நாமே கொடுத்துவிட வேண்டும். வெங்காயம் சேர்ந்த குழம்பு, திராட்சை, சாக்லேட், வெந்த கோழி எலும்பு ஆகியவை நாய்க்கு ஆகா. மழைக்காலம் முடிந்ததும் காதுமடலிலும் விரலிடுக்கிலும் உண்ணி இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். உண்ணியால் வரும் காய்ச்சல் இரத்தத்தையே கெடுத்துவிடும். தீபாவளியன்று வெடிச் சத்தத்துக்கு மிரண்டு ஓடித் தொலைந்துபோகும் நாய்கள் மிகுதி. அன்றிரவு ஜன்னல்களை அடைத்து, மின்விசிறியை ஓடவிட்டு, வீட்டார் ஒருவர் அதனோடு ஓர் அறையில் இருந்தால் போதும்.

வெறிநோயைப் பற்றிச் சொல்லாமல் நாய் வளர்ப்பைப் பற்றி எழுதுவது பொறுப்பற்ற செயல். அறிகுறிகள் தோன்றிவிட்டால் இந்நோய்க்கு அநேகமாக மீட்சியே இல்லை. ஆனால், தோன்றுமுன் அதை முற்றிலும் தடுத்துவிட முடியும். 1885 ஜூலை 6ஆம் தேதி பிரான்ஸ் தேசத்தில் லூயி பாஸ்டர், வெறிநாய் கடித்த ஒரு சிறுவனுக்கு முதன்முதலாகத் தடுப்பு மருந்து செலுத்தினார். நம் குன்னூரில் 1907 முதல் அவர் பெயரால் ஒரு நிலையம் இயங்கி வருகிறது. நாய்க்குட்டிக்கு மூன்று மாதம் நிறைந்தவுடன் வெறிநோய் ஊசியும், அதன் பிறகு ஆண்டுதோறும் மறு ஊசியும் போட வேண்டும். எந்த நாய் கடித்தாலும், குட்டியே பல் பதித்தாலும், நகத்தால் கீறினாலும், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடுகின்ற தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு, உடனே அரசு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். ஊசி அங்கே இலவசம். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி, மந்திரம் என்று காலத்தைக் கழித்தவர்களின் முடிவை நம் கிராமங்கள் பார்த்திருக்கின்றன.

தெரு நாய்களிடம் ஜனங்களுக்கு இருக்கும் பயமும் உண்மையானது. குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பும் தாய்மாரின் கவலையை அலட்சியம் செய்ய எனக்கு மனம் வரவில்லை. 2025 ஆகஸ்டில் டில்லித் தெரு நாய்களையெல்லாம் பிடித்துக் காப்பகங்களில் அடைக்கும்படி முதலில் உத்தரவிட்ட சுப்ரீம் கோர்ட், அதே மாதம் 22ஆம் தேதி அதை மாற்றி, வெறிநோய் கண்டவையும் மூர்க்க சுபாவம் உள்ளவையும் நீங்கலாக மற்றவற்றுக்குக் கருத்தடையும் ஊசியும் செய்து பிடித்த இடத்திலேயே விடலாம் என்றது. நாய்களைத் தத்தெடுக்க விரும்புவோர் விண்ணப்பிக்கலாம் என்றும், தத்தெடுத்தவை மறுபடியும் தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது அவர்கள் பொறுப்பு என்றும் அவ்வுத்தரவு கூறிற்று. அதே ஆண்டு நவம்பரில், பள்ளி, ஆஸ்பத்திரி, பஸ் நிலையம், ரயில் நிலையம் முதலிய இடங்களிலிருந்து நாய்களை அகற்றிக் காப்பகங்களுக்குக் கொண்டுபோகும்படி மற்றொரு உத்தரவு பிறந்தது. காப்பகங்களில் இனி நெருக்கம் மிகுமேயன்றிக் குறையாது. வீட்டுக் கதவுகள் திறந்தாலொழிய அந்நெருக்கம் தீர வழியில்லை.

கடைசியாக, என் மனத்தை மிகவும் வருத்தும் ஒரு விஷயம். நம் ஊர்ப்பக்கத்தில் நாய் ஈன்றால், "கடுவன் குட்டி இருந்தா ஒண்ணு குடு" என்று கேட்டு வருகிறவர்கள் பலர். பொட்டைக் குட்டியைக் கேட்டு வருகிறவர் ஒருவரும் இல்லை. மிஞ்சிய பெண் குட்டிகளைச் சாக்கில் போட்டு ஆற்றங்கரையிலோ சந்தைத் திடலிலோ விட்டுவிடுகிறார்கள். அவற்றுள் பிழைத்தவை ஓராண்டுக்குள் தாமே தாயாகின்றன. நாய்க்குக் கர்ப்பகாலம் ஏறக்குறைய 63 நாள்தான். ஆண்டில் இரண்டு தடவை ஈனக்கூடும். ஆக, நாம் வேண்டாம் என்று எறிந்த குட்டியே சில ஆண்டுகளில் நாம் அஞ்சுகின்ற கூட்டமாகத் திரும்பி வருகிறது. கருத்தடை செய்வது பாவம் என்று என்னிடம் வாதித்த பெரியவர்கள் உண்டு. மார்கழிக் குளிரில் சாலையோரத்தில் கண் திறவாத குட்டிகள் ஒவ்வொன்றாக விறைத்துச் சாவதையும், அவற்றைச் சுற்றிச் சுற்றி வரும் தாயையும் பார்த்தவன் நான். அந்தத் துன்பத்தைத் தடுப்பதே புண்ணியம் என்று உறுதியாக நம்புகிறேன். அல்லிக்கு ஏழாம் மாதத்தில் அச்சிகிச்சை நடந்தது. சில நாட்களில் பழையபடி ஓடி விளையாடத் தொடங்கிவிட்டது. முதல் நாள் கேள்வி கேட்ட பெரியம்மாவே, தையல் பிரிக்கும் வரையில் தினமும் அதற்கு முட்டை அவித்துக்கொண்டு வந்தார். இப்போது அவர் வீட்டுத் திண்ணையிலும் ஒரு பொட்டைக் குட்டி வளர்கிறது. அது எங்கள் தெருவிலேயே பிறந்தது.

பாஸ்டர் முதன்முதலாகத் தடுப்பு மருந்து செலுத்திய அதே ஜூலை 6ஆம் தேதியன்று கால்நடைப் பராமரிப்புத் துறையினர் நாய்களுக்கு இலவசமாக வெறிநோய்த் தடுப்பூசி போடும் முகாம்களை நடத்துகிறார்கள். அத்தகைய முகாமோடு கருத்தடைச் சிகிச்சையும் எங்கள் பேரூராட்சியிலும், சுற்றுவட்டாரத்துச் சிறு ஊர்களிலும் ஆண்டுக்கு ஒரு தடவையாவது நடைபெற ஏற்பாடு செய்ய வேண்டும் என்று அதிகாரிகளை வேண்டிக்கொள்கிறேன். வாசகர்களிடமும் ஒரு விண்ணப்பம் உண்டு. வீட்டில் நாய் வளர்க்க எண்ணியிருப்பவர்கள், விலை கொடுத்து வாங்கப் புறப்படுமுன் ஒரே ஒரு தடவை ஒரு காப்பகத்துக்குச் சென்று பாருங்கள். எல்லாரும் முதலில் கேட்கும் கடுவன் குட்டியை விட்டுவிட்டு, ஆறு மாதம் கடந்து ஒருவரும் கேட்காமல் நிற்கும் பெண் குட்டி எது என்று கேட்டு, அதை அழைத்து வாருங்கள்.